வீரமாமுனிவரும் தமிழ்க் கிறித்தவ ஞான மரபும்

கடலூர் மாவட்டத்தின் கம்மாபுரம் வட்டாரம் என்றதும் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது நெய்வேலியும் அதன் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களும்தான். 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்ட பிறகு இப்பகுதியின் நிலமும் வாழ்க்கையும் பெரிதும் மாறின. ஆனால் சுரங்கம் வருவதற்கு ஏறத்தாழ இருநூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே இதே விருத்தாசலச் சீமையில் வேறொரு வகை அகழ்வு நடந்தது. இத்தாலியிலிருந்து வந்த ஒரு துறவி தமிழைத் தோண்டித் தோண்டிக் கற்றார். கற்ற தமிழில் கிறித்தவ சமயத்தின் ஞானத்தைச் சொல்ல முயன்றார். அவரே வீரமாமுனிவர். விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை செல்லும் வழியில், மங்கலம்பேட்டைக்கு அருகிலுள்ள கோணான்குப்பம் அவர் நினைவோடு பிரிக்க முடியாதபடி இணைந்த ஊர்.

வீரமாமுனிவரைப் பற்றிய பள்ளிப் பாடங்கள் அவரைச் சதுரகராதியின் ஆசிரியராகவும், எழுத்துச் சீர்திருத்தம் செய்தவராகவும், தேம்பாவணி பாடியவராகவும் நமக்கு அறிமுகப்படுத்துகின்றன. இவை எல்லாம் உண்மையே. ஆயினும் இவற்றை ஏன் செய்தார் என்ற கேள்வி பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. அகராதி தொகுப்பதற்காக அவர் கடல் கடந்து வரவில்லை. நம்பிக்கை கொண்ட ஒருவர் அந்த நம்பிக்கையை எவ்வாறு அறிவாக்கிக்கொள்கிறார், அறிவு எவ்வாறு ஞானமாக முதிர்கிறது என்பதே அவர் முன் இருந்த பணி. மொழிப்பணி அதிலிருந்து கிளைத்தது.

ஞானம் என்னும் சொல்

தமிழ்க் கிறித்தவர்களின் பழைய வழக்கைக் கவனித்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. சமயத்தில் சேரும் சடங்கு ஞானஸ்நானம். அச்சடங்கில் குழந்தைக்குப் பொறுப்பேற்பவர்கள் ஞானத்தகப்பனும் ஞானத்தாயும். உலக வேலைகளை விட்டு ஒதுங்கிச் சில நாள் தியானத்தில் இருப்பது ஞானவொடுக்கம். சமயப் போதனை ஞானோபதேசம். ஐரோப்பிய மொழிகளில் ஆவியைச் சார்ந்தது என்ற பொருளில் வழங்கும் அடைமொழி வர வேண்டிய இடங்களில் எல்லாம் தமிழில் ‘ஞான’ என்ற சொல் வந்து அமர்ந்துகொண்டது. ‘ஆவிக்குரிய’ என்ற தொடர் பின்னர் சீர்திருத்தச் சபைகளின் வழக்கில் பெருகியது. முந்தைய வழக்கிலோ ஆன்மிகமும் ஞானமும் இரண்டாகப் பிரிக்கப்படவில்லை. ஆன்மிகத்தில் வளர்வது என்றாலே ஞானத்தில் வளர்வது என்றுதான் பொருள்.

இந்தச் சொல் சும்மா கிடைத்ததன்று. சைவ சித்தாந்தத்தில் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நான்கு நெறிகளில் முடிவாக நிற்பது ஞானம். சித்தர் மரபிலும் அதற்குத் தனி இடம் உண்டு. அவ்வளவு கனமான ஒரு சொல்லை எடுத்துக் கிறித்தவக் கருத்துக்கு வைத்தது துணிச்சலான செயல். அச்சொல்லோடு அதன் பழைய எதிர்பார்ப்புகளும் சேர்ந்தே வந்தன. ஞானம் தருவதாகச் சொல்லும் ஆசான் தானும் ஞானியாக இருக்கிறாரா என்று தமிழர் பார்த்தனர். கேட்டதை ஒப்பிப்பவருக்கு இங்கு ஞானி என்ற பெயர் கிடைக்காது.

இந்நிலைக்கு வந்து சேர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், சில மன்றாட்டுகளைத் தமிழில் பெயர்க்கச் செய்து, மனப்பாடம் செய்துகொண்டு, மணி அடித்துச் சிறுவர்களைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். கேட்டுத் திருப்பிச் சொல்வதே அன்றைய கல்வி. அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் தமிழை இலக்கண முறையில் கற்றார். அவருடைய தம்பிரான் வணக்கம் 1578-இல் கொல்லத்தில் அச்சாயிற்று. பதினாறே பக்கம் கொண்ட அச்சிறு நூல் தமிழ் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூல். இருந்தாலும் சமயச் சொற்கள் பலவும் போர்த்துகீசிய ஒலியிலேயே நின்றன. திருப்பலியைக் குறித்த போர்த்துகீசியச் சொல் தமிழ் நாவில் ‘மீசை’ என்று விழுந்ததாகச் சொல்வார்கள். வழிபாட்டுக்கு வந்தவர்கள் அதைக் கேட்டு என்ன நினைத்திருப்பார்கள் என்பதை விளக்கத் தேவையில்லை.

1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி, அதாவது தத்துவ போதகர், இந்தச் சிக்கலின் வேரைப் பிடித்தார். காவி உடுத்து, மரக்கறி உண்டு, தமிழும் வடமொழியும் கற்று, ஞானோபதேசம் என்ற பெயரிலேயே பெரிய உரைநடை நூல் எழுதினார். சமயக் கருத்துகளுக்குரிய சொற்கள் பலவற்றை அவர் உருவாக்கினார், அல்லது ஏற்கெனவே இருந்தவற்றை எடுத்து நிலைநிறுத்தினார். அவர் முறையைப் பற்றிக் கிறித்தவத்துக்குள்ளேயே கடும் எதிர்ப்பு எழுந்து, 1623-இல் பதினைந்தாம் கிரகோரி திருத்தந்தை அம்முறைக்கு இசைவு அளித்த பிறகே ஓரளவு ஓய்ந்தது. வீரமாமுனிவர் நடந்த பாதை தத்துவ போதகர் வெட்டிய பாதைதான்.

கற்பிக்க வந்தவர் கற்றது

கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி 1680 நவம்பர் 8 அன்று இத்தாலியின் மாந்துவா பகுதியிலுள்ள கஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தார். 1698-இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1710-இல் கோவா வந்து, மறு ஆண்டில் மதுரை மறைபணித் தளத்தை அடைந்தார். அப்போது அவருக்கு வயது முப்பது. முதலில் வைத்துக்கொண்ட பெயர் தைரியநாதர். பின்னர் அது தூய தமிழில் வீரமாமுனிவர் ஆயிற்று. வந்த சில ஆண்டுகளிலேயே திருநெல்வேலிச் சீமையில் சிறைப்பட்டு, உயிருக்கே ஆபத்து நேர்ந்து தப்பினார். அதன் பின் அவர் நெடுங்காலம் தங்கிய இடம் இன்றைய அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சி. அவ்வூருக்கு அவர் இட்ட பெயர் திருக்காவலூர்.

முப்பது வயதுக்குப் பிறகு ஒரு மொழியைத் தொடங்கி, அதில் காப்பியம் பாடும் அளவுக்குத் தேர்ந்தவர் உலகில் மிகச் சிலரே. சுப்பிரதீபக் கவிராயர் என்னும் புலவரிடம் அவர் பாடம் கேட்டதாக மரபு கூறுகிறது. தேம்பாவணியைப் பாடியவர் அக்கவிராயரே என்று வாதிட்டவர்களும் உண்டு. வெளிநாட்டார் ஒருவர் இவ்வளவு எழுதியிருக்க முடியுமா என்ற ஐயமே அவ்வாதத்தின் அடிப்படை. அவருடைய இலக்கண நூல்களையும் இலத்தீனில் அவர் எழுதியவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது அந்த ஐயம் நிற்பதில்லை.

அவர் கற்றது சொற்களை மட்டுமன்று. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். துறவி என்பதாலோ என்னவோ இன்பத்துப்பாலைத் தொடவில்லை. அறத்துப்பாலில் முப்பத்தாறாவது அதிகாரம் மெய்யுணர்தல். அதைப் பெயர்க்க உட்கார்ந்த ஒரு கிறித்தவத் துறவி, மெய்யை உணர்வது என்ற கருத்தைத் தன் சமயத்துக்கு வெளியே எழுதப்பட்ட நூலில் எதிர்கொண்டார். இந்தச் சொல்லின் பிற்காலப் பயணமும் சுவையானது. எசாயா இறைவாக்கினர் நூலில் தூய ஆவியின் கொடைகளாகச் சொல்லப்படுபவற்றுள் முதல் இரண்டையும் இன்றைய தமிழ் விவிலியப் பொது மொழிபெயர்ப்பு ஞானம், மெய்யுணர்வு என்றே குறிக்கிறது. 1995-இல் வெளிவந்த அம்மொழிபெயர்ப்பில் குறளின் சொல் வந்து உட்கார்ந்திருப்பதைப் பலர் கவனிப்பதில்லை.

வேதியர் ஒழுக்கம்

வீரமாமுனிவரின் நூல்களுள் மாணவர்கள் மிகக் குறைவாக அறிந்தது, 1727-இல் எழுதப்பட்ட வேதியர் ஒழுக்கம். நம் பொருளுக்கு மிக நெருக்கமான நூலும் இதுவே. இங்கே வேதியர் என்பது பிராமணரைக் குறிக்காது. ஊர்தோறும் கிறித்தவர்களுக்குச் சமயம் கற்பித்த உபதேசியார்களையே அப்பெயர் குறித்தது.

இவர்களின் இடத்தைப் புரிந்துகொண்டால்தான் அந்நூலின் தேவை புரியும். ஒரு குருவானவரின் பொறுப்பில் பல நாள் நடை தூரத்துக்குச் சிதறிக் கிடந்த ஊர்கள் இருந்தன. ஓர் ஊருக்கு அவர் ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோதான் வர முடியும். போர், பஞ்சம், பாளையக்காரர் பகை என்று வழி அடைபட்டால் அதுவும் இல்லை. மற்ற நாள்களில் எல்லாம் செபம் சொல்லிக்கொடுத்தவர், பிணியாளர் அருகில் இருந்தவர், சாகும் தறுவாயில் இருந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர், பிணக்குத் தீர்த்தவர் எல்லாமே உபதேசியார்தான். அந்த மனிதர் அறியாமையில் இருந்தால் ஊரே அறியாமையில் இருக்கும். அவர் பேராசைக்காரரானால் சமயத்தின் பெயர் கெடும்.

ஆகவே வீரமாமுனிவர் அவர்களுக்குப் போதிக்கும் கலையை மட்டும் சொல்லித் தரவில்லை. அவர்களின் உள்வாழ்க்கையைப் பற்றி எழுதினார். பிறருக்குச் சொல்பவர் முதலில் தாம் வாழ வேண்டும், தியானிக்க வேண்டும், தம்மைத் தாமே சோதித்துக்கொள்ள வேண்டும் என்பதே நூலின் உயிர்நாடி. இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் வகுத்த ஆன்மிகப் பயிற்சிகளின் சாயலை இதில் காணலாம். அன்றாடம் தன் நாளைத் திரும்பிப் பார்த்து மனச்சான்றை ஆராயும் அந்தப் பழக்கத்துக்குத் தமிழில் ஆத்தும சோதனை என்று பெயர். ஞான உணர்த்துதல் என்ற அவருடைய இன்னொரு நூலும் இதே நோக்கம் உடையது.

நடையைப் பொறுத்தவரை, தமிழ் உரைநடை வளர்ச்சியில் வேதியர் ஒழுக்கத்துக்குத் தனி மதிப்பு உண்டு. உரையாசிரியர் நடை போலச் சூத்திரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்காமல், தனித்து நின்று பேசும் உரைநடை இது. இலக்கிய வரலாற்று நூல்கள் இதற்கு ஒதுக்கும் இடம் போதாது என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம். தேம்பாவணியின் ஒளியில் இது மறைந்துவிட்டது.

தன்னை எண்ண மறந்தவர்கள்

வேதியர் ஒழுக்கத்தை எழுதிய அதே கைதான் பரமார்த்த குரு கதையையும் எழுதியது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடர்களும் அவர்களுக்கேற்ற ஒரு குருவும் இதன் மாந்தர்கள். ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையை நீரில் வைத்துப் பார்ப்பார்கள். கடந்து கரையேறியதும் எண்ணிப் பார்ப்பார்கள். எண்ணுபவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஒருவர் குறைவார். ஆறு ஒருவரை விழுங்கிவிட்டது என்று கூடி அழுவார்கள். வழிப்போக்கன் ஒருவன் வந்து ஒவ்வொருவர் முதுகிலும் அடி வைத்து எண்ணச் செய்த பிறகே ஆறு பேரும் இருப்பது தெரியும்.

இது இந்து சமயக் குருமார்களைக் கேலி செய்ய எழுதப்பட்டது என்று கருதுவோர் உண்டு. தமிழ் கற்கும் ஐரோப்பியருக்கு எளிய பேச்சு நடையில் ஒரு பயிற்சி நூலாக எழுதப்பட்டது என்பது இன்னொரு கருத்து. இதற்கு இலத்தீன் மொழிபெயர்ப்பையும் அவரே செய்தார் என்பது இரண்டாவது கருத்துக்கு வலு சேர்க்கிறது. இரண்டுக்கும் அப்பால் மற்றொரு வாசிப்புக்கும் இடம் உண்டு. ஞானம் இல்லாத குருவும் ஆராய்ந்து பார்க்காத சீடர்களும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதன் படம் இது. தன் நாளை எண்ணிப் பார்க்கச் சொன்ன ஆசிரியரே, தன்னை எண்ணத் தெரியாதவர்களின் கதையையும் சொன்னார். 1822-இல் பாபிங்டன் என்பவரின் ஆங்கில மொழிபெயர்ப்புடன் இக்கதை இலண்டனில் அச்சேறியது. தமிழ்நாட்டுச் சிறுவர்கள் இன்றுவரை அதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். எழுதியவர் யார் என்று அறியாமல் சிரிப்பவர்களே மிகுதி.

வளனின் வீடு

தேம்பாவணி 1726-ஐ ஒட்டிப் பாடி முடிக்கப்பட்டது. மூன்று காண்டம், முப்பத்தாறு படலம், 3615 பாடல்கள். தேம்பா அணி என்று பிரித்தால் வாடாத மாலை. தேன் பா அணி என்று பிரித்தால் தேன் போன்ற பாக்களால் ஆன மாலை. பாட்டுடைத் தலைவர் இயேசுவின் வளர்ப்புத் தந்தை யோசேப்பு.

இந்தத் தேர்வு கொஞ்சம் விந்தையானது. நற்செய்தி நூல்கள் நான்கிலும் யோசேப்பு பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. கனவு காண்கிறார், எழுகிறார், சொன்னபடி செய்கிறார், பிறகு கதையிலிருந்து மறைந்துவிடுகிறார். பேசாத அந்த மனிதரைத் தலைவராக்கி மூவாயிரத்து அறுநூறு பாடல்களுக்கு மேல் பாட வேண்டுமென்றால் கதைக்கு வேறு துணை வேண்டும். ஆகிர்தாவின் மரியா என்னும் ஸ்பானியத் துறவினி எழுதிய நூல் அவருக்குக் கைகொடுத்தது. பழைய ஏற்பாட்டுக் கதைகளும் இடையிடையே வந்து சேர்ந்தன. கம்பனும் சீவக சிந்தாமணியும் திருக்குறளும் மொழியைக் கொடுத்தன. சூசை பிறந்த யூதேயா நாட்டில் தமிழ் மருதநில வயல்கள் விளைவது அதனால்தான்.

லூக்கா நற்செய்தி, சிறுவன் இயேசு நாசரேத்தில் ஞானத்திலும் உடல் வளர்ச்சியிலும் மிகுந்து வந்ததைக் குறிப்பிடுகிறது. அந்த வளர்ச்சி நடந்த வீடு யோசேப்பின் வீடு. ஞானம் வளரும் இடம் குருமடமோ கோவிலோ மட்டுமல்ல, ஒரு தச்சரின் வீடும்தான் என்பதைத் தேம்பாவணி தன் தலைவரைத் தேர்ந்தெடுத்ததாலேயே சொல்லிவிடுகிறது. தலைவருக்குக் கொடுத்த பெயரும் பொருத்தமானது. யோசேப்பு என்ற எபிரேயப் பெயருக்கு ‘மேலும் சேர்ப்பார்’ என்று பொருள். அதை வளன் என்று தமிழாக்கினார் வீரமாமுனிவர். வளர்ச்சி அப்பெயருக்குள்ளேயே இருக்கிறது. திருமுழுக்கு யோவானின் பெயருக்கு எபிரேயத்தில் ‘ஆண்டவர் அருள்கூர்ந்தார்’ என்பது பொருள். அவர் தேம்பாவணியில் கருணையன் ஆனார். பத்தாம் வகுப்பில் தாயை இழந்த கருணையனின் புலம்பலைப் படித்த மாணவர்கள், அது யோவானின் பெயரை ஒலிபெயர்க்காமல் பொருள்பெயர்த்ததன் விளைவு என்பதை இப்போது நினைத்துப் பார்க்கலாம். பிற மொழியில் கேட்ட பெயரின் பொருளை விளங்கிக்கொண்டு தன் மொழியில் மீண்டும் பெற்றெடுப்பது, அறிவு ஞானமாகும் முறைகளில் ஒன்று.

கோணான்குப்பத்துப் பெரியநாயகி

விருத்தாசலத்தின் பழைய பெயர் திருமுதுகுன்றம். மணிமுத்தாற்றங்கரையில் அமைந்த பழமலைநாதர் கோவில் தேவாரப் பாடல் பெற்ற தலம். அங்கே அம்மனின் பெயர் பெரியநாயகி. அவ்வூரிலிருந்து சிறிது தொலைவில் கோணான்குப்பத்தில் எழுந்த மாதா கோவிலில் மரியன்னையின் பெயரும் பெரியநாயகி.

இத்திருத்தலம் பற்றி வழங்கும் வாய்மொழிக் கதை இது. காட்டு வழியே சென்ற வீரமாமுனிவர் வைத்திருந்த மாதா சுரூபம் அவ்வழியில் தவறிப்போய்ச் சிறுவர்கள் கையில் கிடைத்தது. முகாசாபரூரை ஆண்ட கச்சிராயர் மரபினர் ஒருவருக்குப் பிள்ளைப்பேறு இல்லை. அவர் மாதாவிடம் வேண்டிப் பிள்ளை பெற்று, நன்றியாகக் கோவிலுக்குத் துணைநின்றார். பின்னாளில் தேடி வந்த முனிவர் தம் சுரூபம் வழிபடப்படுவதைக் கண்டு மகிழ்ந்தார். சொல்பவருக்கு ஏற்பக் கதையின் விவரங்கள் மாறும். சேலை உடுத்திய தமிழ்ப் பெண்ணின் கோலத்தில் ஒரு படம் வரையச் செய்து, அதைக் கடல் கடந்து மணிலாவுக்கு அனுப்பி, அதன்படி ஒரு சுரூபத்தைச் செய்து வரவழைத்தார் என்பதும் மரபாகச் சொல்லப்படுவதே. தேம்பாவணியின் தொடக்கம் இவ்வூரோடு தொடர்புடையது என்றும் கூறுவர்.

கதையை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பெயர் ஒன்றே போதிய சான்று. பக்கத்துக் கோவில் தாயின் பெயரை எடுத்து மரியன்னைக்கு வைப்பது இரு வேறு உணர்வுகளை எழுப்பக்கூடியது. அயலாரின் அன்பு மொழியைப் புரிந்துகொண்டதன் அடையாளமாக ஒருவர் அதைப் பார்க்கலாம். பிறர் பெயரைக் கவர்ந்துகொண்டதாக இன்னொருவர் வருந்தலாம். இரண்டு பார்வைகளுக்கும் காரணம் உண்டு. இம்முறையைப் பற்றிய விவாதம் அக்காலத்திலேயே உரோமாபுரி வரை சென்றது. 1704-இல் புதுச்சேரியில் கர்தினால் தூர்னோன் பிறப்பித்த ஆணை, தமிழகப் பணித்தளங்களில் ஏற்கப்பட்டிருந்த வழக்கங்கள் பலவற்றைத் தடை செய்தது. 1744-இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் வெளியிட்ட ஆணை அவ்விவகாரத்தை முடித்துவைத்தது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நாட்டு வழக்கத்தை ஏற்றுக்கொள்கிறோம் என்று சொன்ன இம்முறை, சாதிப் பிரிவினையையும் நாட்டு வழக்கம் என்றே ஏற்றுக்கொண்டது. உயர்ந்தவர் எனப்பட்டோருக்கு ஒரு வகைத் துறவி, ஒடுக்கப்பட்டோருக்கு வேறு வகைத் துறவி என்ற ஏற்பாடுகூட மதுரைத் தளத்தில் இருந்தது. கோவிலுக்குள் பிரித்து உட்காரும் வழக்கம் பின்பும் நெடுங்காலம் நீடித்தது. சொற்களில் அவ்வளவு நுட்பம் காட்டிய ஞானம் இந்த இடத்தில் தடுமாறியது. தமிழ்க் கிறித்தவச் சிந்தனை பின்வந்த காலத்தில் தன்னோடு தானே நடத்திய வழக்குகளில் பெரியது இதுவே.

தரங்கம்பாடியின் வேறு வழி

அதே காலத்தில் கடற்கரையோரம் தரங்கம்பாடியில் லுத்தரன் சபையார் வேறொரு வழியில் சென்றுகொண்டிருந்தனர். 1706-இல் வந்த சீகன்பால்க் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து, 1714–15-இல் அச்சிட்டார். விட்டுப்போன பழைய ஏற்பாட்டுப் பகுதியை அவருக்குப் பின் ஷூல்ட்சே முடித்தார். வேதத்தை எல்லார் கையிலும் கொடுத்துவிட வேண்டும், படிப்பவருக்கு அது தானே விளங்கும் என்பது அவர்கள் நிலை. வாழ்ந்து காட்டும் ஆசான் வேண்டும், மரபு வேண்டும், மொழி செம்மையாக இருக்க வேண்டும் என்பது வீரமாமுனிவர் நிலை. வேத விளக்கம் என்ற அவர் நூல் இவ்வாதத்திலிருந்து பிறந்தது. தரங்கம்பாடியாரின் தமிழை அவர் எள்ளி நகையாடினார். அவர்களும் பதிலுக்குச் சும்மா இருக்கவில்லை.

யார் சொன்னது சரி என்று இப்போது தீர்ப்பு எழுத வேண்டியதில்லை. ஆனால் வேறுபாடு உண்மையானது. ஒரு நூலைத் தனியே படித்துப் புரிந்துகொள்வதா, அறிந்தவர் ஒருவரின் அருகில் இருந்து மெல்ல மெல்ல விளங்கிக்கொள்வதா என்ற கேள்வி சமயத்துக்கு மட்டும் உரியதன்று. வேடிக்கை என்னவென்றால், வீரமாமுனிவர் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738-இல் அச்சிட்டு வெளியிட்டவர்கள் அதே தரங்கம்பாடி லுத்தரன் அச்சகத்தார்தான். பகைவர் எழுதிய இலக்கணம் இல்லாமல் அவர்களாலும் தமிழ் கற்க முடியவில்லை.

முனிவருக்குப் பின்

1740-களில் திருச்சிப் பகுதி போர்க்களமாயிற்று. வீரமாமுனிவர் தெற்கே சென்று, இறுதியில் கேரளத்தின் அம்பழக்காட்டில் 1747-இல் மறைந்தார். சந்தா சாகிப்பிடம் அவர் திவானாக இருந்தார், பல்லக்கில் முத்துக் கடுக்கன் அணிந்து சென்றார் என்பன போன்ற செய்திகள் பிற்கால வரலாற்றில் இடம்பெற்றன. அவற்றுள் பலவற்றை ஆய்வாளர்கள் அப்படியே ஏற்பதில்லை.

1773-இல் இயேசு சபையே கலைக்கப்பட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து இப்பகுதியின் பொறுப்பைப் பாரிசு வெளிநாட்டு மறைபரப்புச் சபையார் ஏற்றனர். குருக்கள் மிக அருகிப்போன அந்தக் காலங்களில் ஊர்ப்புறக் கிறித்தவர்களைக் கலையாமல் வைத்திருந்தவர்களுள் உபதேசியார்களுக்குப் பெரும் பங்கு உண்டு. வேதியர் ஒழுக்கம் யாருக்காக எழுதப்பட்டதோ அவர்கள்தாம் அவர்கள். பெயர் தெரியாத அம்மனிதர்களுக்குச் சிலை இல்லை. அவர்களுக்காக எழுதியவருக்கு 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிச் சென்னைக் கடற்கரையில் சிலை வைக்கப்பட்டது.

முனிவரின் சுவடிகள் அழியாமல் கிடைத்ததிலும் ஒரு கதை உண்டு. சென்னையில் எல்லிஸ் துரை தமிழ் நூல்களைத் தேடிச் சேர்த்து வந்தார். அவர் தூண்டுதலால் புதுச்சேரியைச் சேர்ந்த முத்துசாமிப் பிள்ளை 1816-இல் தென்னாட்டு ஊர்களுக்குச் சென்று வீரமாமுனிவர் நூல்களைத் தேடினார். 1822-இல் முனிவரின் வரலாற்றைத் தமிழில் எழுதியவரும் அவரே. தேம்பாவணி முழுமையாக அச்சேறியது 1851 முதல் 1853 வரையிலான ஆண்டுகளில், புதுச்சேரியில். பாடப்பட்டு நூற்று இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓலையிலும் நாவிலும் வாழ்ந்த பிறகுதான் அது தாளுக்கு வந்தது.

அதன் பிறகு இந்த மரபு வேறு கைகளுக்கு மாறியது. மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கராக இருந்தே சர்வ சமய சமரசக் கீர்த்தனை பாடினார். வைணவக் குடும்பத்தில் பிறந்து கிறித்தவரான எச். ஏ. கிருட்டிணப் பிள்ளை, ஓர் ஆன்மாவின் நெடும்பயணத்தை இரட்சணிய யாத்திரிகமாக 1894-இல் வெளியிட்டார். கற்பிக்க வந்த வெளிநாட்டார் அல்லர் இவர்கள். தம் தாய்மொழியில் தாமே தேடியவர்கள்.

நெய்வேலி நகரியம் உருவான பின் பல மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வந்த தொழிலாளர் குடும்பங்களோடு பல சபைகளின் ஆலயங்களும் அங்கே எழுந்தன. கோணான்குப்பமோ இன்றும் கிராமமாகவே இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில், பொங்கலை ஒட்டித் தொடங்கும் பெரியநாயகி அன்னையின் திருவிழாவுக்குச் சுற்று வட்டார ஊர்களிலிருந்து மக்கள் நடந்தும் பேருந்திலும் வருகிறார்கள். கிறித்தவர் அல்லாதவர்களும் தேர் பார்க்க வந்து நிற்பார்கள். விருத்தாசலம் பேருந்து நிலையத்தில் பெரியநாயகி கோவிலுக்கு வழி கேட்டால், எந்தப் பெரியநாயகி என்று அவர்கள் திருப்பிக் கேட்கக்கூடும்.